கட்டி எடுத்த வண்டிக்கும் காப்புறுதி: மலையகத்தில் கிட் கார், ரீபில்ட் ஜீப் கழகம் தொடங்க ஒரு முழு வழிகாட்டி

புதிதாக இறக்கிய ஜப்பான் கார் ஒன்றுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்க நாலு படமும் ஒரு கையெழுத்தும் போதும். அதே கவுண்டரில் பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டி எடுத்த கிட் காரைப் பற்றியோ, பழைய லேண்ட் ரோவர் சேஸியில் டொயோட்டா டீசல் எஞ்சின் இறக்கிய ஜீப்பைப் பற்றியோ சொல்லிப் பாருங்கள். "தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுத் தாரோம்", அதாவது மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும், என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். வண்டியின் மேக், மொடல், வருடம், அந்த மொடலுக்கு இதுவரை வந்த கிளெய்ம்கள், உடைந்தால் உதிரிப்பாகம் என்ன விலை என்பவற்றை வைத்துத்தான் அவர் கட்டணம் கணிக்கிறார். உங்கள் வண்டியைப் பொறுத்தவரை இதில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. பதிவுப் புத்தகத்தில் 1962 என்று இருக்கும். உள்ளே 1990களின் எஞ்சின் இருக்கும். பிரேக் ஏதோ ஒரு வானிலிருந்து வந்திருக்கும். யார் பூட்டினது என்று கேட்டால் "நம்ம கராஜ் பாஸ்தான்" என்று பதில் வரும். ஒன்றுமே தெரியாத வண்டிக்கு யார் பொறுப்பேற்பார்?

கழகத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஃபைல்: என்ன வண்டி, யார் கட்டினார், என்ன மாற்றினார், யார் சோதித்தார், என்ன குறை கண்டார், அது எப்போது சரிசெய்யப்பட்டது. அந்த ஃபைல் இருந்தால் காப்புறுதிக்காரரிடம் பேச ஒரு விஷயம் இருக்கும். பல குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் டீ-ஷர்ட், அடுத்து ஸ்டிக்கர், வட்ஸ்அப் குரூப், எல்லாம் முடிந்த பிறகு "குரூப் இன்சூரன்ஸ் கிடைக்குமா" என்று ஒரு கேள்வி. கிடைக்காது. சோதனையும் ஃபைலும் முதலில் வரவேண்டும். காப்புறுதிக் கம்பனி அதற்குப் பிறகு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிட் கார் என்பது பிரிட்டனில் வேரூன்றிய பழக்கம். 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டினால் கொள்வனவு வரி கட்டத் தேவையில்லை. 1973இல் அந்த வரி போய் வற் வந்ததும் அந்த லாபம் போய்விட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. இப்போது அங்கே வீட்டில் கட்டிய கார் வீதிக்கு வரும் முன் தனி வாகன ஒப்புதல் சோதனை ஒன்றைக் கடக்க வேண்டும். காப்புறுதிக்காரருக்கு அந்தச் சான்றிதழே பாதித் தைரியம். நம்மிடம் தனியார் காரின் வருடாந்த லைசன்ஸுக்குக் கேட்பது காப்புறுதிச் சான்றிதழும் புகைச் சோதனைச் சான்றிதழும்தான். லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். உங்கள் ஜீப்பின் பிரேக்கைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. அந்த இடைவெளியைக் கழகம்தான் நிரப்ப வேண்டும்.

மலைநாட்டில் கடையில் வாங்கிப் பூட்டிய அசல் கிட் கார் அபூர்வம். அதனால் இந்த வழிகாட்டியில் கிட் காரோடு அதன் உறவுக்கார வண்டிகளையும் சேர்த்தே பேசுகிறேன்: வோக்ஸ்வேகன் பீட்டில் சேஸியில் ஃபைபர் உடல் ஏற்றிய பகி, எஞ்சின் மாற்றிய லேண்ட் ரோவர், பழைய வில்லிஸ், கராஜில் புது உடல் அடித்த ஜீப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் கொட்டிலில் கிடந்த எத்தனையோ ஜீப்புகள் வெளியே வந்தன. அவற்றில் நன்றாகக் கட்டியவையும் உண்டு, பார்த்தாலே வயிற்றைக் கலக்குபவையும் உண்டு.

முதல் படி: ஆட்களைச் சேர்ப்பது

எட்டுப் பத்து வண்டி போதும். ஐம்பது பேரோடு தொடங்கினால் முதல் சோதனை நாளே குழம்பும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஒரு கொத்து. வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை இன்னொரு கொத்து. ஒன்று மத்திய மாகாணம், மற்றது ஊவா. வருடாந்த லைசன்ஸ் மாகாணத்தோடு சேர்ந்த விஷயம் என்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் கச்சேரி வேலை தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது.

சொந்தக்காரர்களை மட்டும் சேர்த்தால் கழகம் ஒரு வருடத்தில் தேநீர்க் கூட்டமாகிவிடும். கராஜ்காரர்களைச் சேருங்கள். டின்கரிங் பாஸ், வெல்டிங் பாஸ், எலக்ட்ரிக் பாஸ் எல்லோருக்கும் கூட்டத்தில் இடம் வேண்டும், அதுவும் சந்தா இல்லாமல். அவர்கள்தான் உங்கள் வண்டியை உண்மையில் கட்டியவர்கள். அவர்கள் கை வேலையை வேறொருவர் சோதிக்கப் போகிறார் என்பதை முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் மனஸ்தாபம் வரும்.

தமிழரும் சிங்களவரும் கலந்திருக்கும் குழுவாகவே இது அமையும். கராஜ் மொழியில் சிக்கல் எதுவும் வராது. எல்லோரும் எல்லாம் பேசுவார்கள். யாப்பு, சோதனைப் பத்திரம் இரண்டையும் மட்டும் இரண்டு மொழியிலும் அச்சடியுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு ஆங்கிலப் பிரதி ஒன்று தனியாக வேண்டும்.

பந்தயக்காரர்கள் விஷயத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்றம், நானுஓயா பக்கம் ரதெல்ல மலையேற்றம் என்று வரும்போது நம் ஆட்களுக்குக் கால் தரையில் நிற்காது. ஓடட்டும், தப்பில்லை. ஆனால் சாதாரண மோட்டார் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் மூடாது. கழகத்தின் பெயரில் பந்தயம் நடத்துவதில்லை, கழகச் சவாரியில் நேரம் பார்ப்பதில்லை என்று யாப்பிலேயே எழுதிவிடுங்கள். காப்புறுதிக்காரர் உங்கள் யாப்பைப் படித்தால் முதலில் தேடுவது இந்த வரியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: புத்தகமும் வண்டியும் ஒன்றா?

இதில் தயவு தாட்சணியம் பார்க்கக் கூடாது. வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி நம்பரும் சேஸியில் வெட்டியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, நம்பரின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். ஒரு வண்டியின் நம்பர் துண்டை வெட்டி இன்னொரு சேஸியில் ஒட்டியிருந்தால் அந்த வண்டிக்குக் கழகத்தில் இடமில்லை. அது குற்றம், அதைத் தெரிந்தே சேர்த்தால் மற்ற எல்லோருடைய ஃபைலும் சந்தேகத்துக்குள்ளாகும். "அண்ணன் நம்ம ஆளுதானே" என்ற பேச்சு எழும். எழட்டும்.

எஞ்சின் மாற்றம் மன்னிக்கக்கூடியது, ஆனால் பதிய வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் நம்பரை மாற்றிப் பதியாமல் ஓடும் ஜீப்புகள் நம் பக்கத்தில் ஏராளம். விபத்து நடந்த அன்று மதிப்பீட்டாளர் பொனட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். புத்தகத்தில் பெட்ரோல், உள்ளே டீசல் என்றால் அத்தோடு சரி. எஞ்சின் வாங்கிய பில், ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கிய வண்டி) என்றால் இறக்குமதி செய்தவரின் பத்திரப் பிரதி, விற்றவரின் அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றை இப்போதே தேடி எடுங்கள். பில் இல்லாமல் எஞ்சின் வாங்கும் பழக்கத்தைக் கழகம் நிறுத்த வேண்டும். எரிபொருள் வகை, நிறம், இருக்கை எண்ணிக்கை, உடல் வகை மாறியிருந்தால் அவையும் அப்படியே.

பூச்சியத்திலிருந்து புதிய சேஸி அடித்துக் கார் கட்ட நினைப்பவர் இரும்பு வாங்கும் முன் திணைக்களத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: சோதனைப் பத்திரம்

கழகத்தின் உயிர் இதுதான். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் "சரி", "திருத்த வேண்டும்", "ஓட்டக் கூடாது" என மூன்று பெட்டிகள். படத்துக்கு ஓர் இடம். அவ்வளவுதான்.

பிரேக்கில் தொடங்குங்கள், பிரேக்கில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கிருந்து றம்பொடை வழியாகக் கீழே இறங்கும்போது ஏறும்போது வண்டி சேர்த்த உயரத்தின் சக்தியில், எஞ்சின் பிடித்து நிறுத்தாத பங்கு பெரும்பாலும் பிரேக்கில் சூடாகத்தான் வெளியேற வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கரண்டி எல்லவிலும் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து எத்தனை உயிர் போனது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்த வீதிகள் தவறுக்கு இடம் கொடுப்பதில்லை.

எஞ்சின் மாற்றிய ஜீப்பில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பூஸ்டர். பூஸ்டர் வேலை செய்வது வெற்றிட இழுப்பில். பெட்ரோல் எஞ்சின் அந்த இழுப்பைத் தன் இன்டேக்கிலிருந்தே கொடுத்துவிடும். டீசலில் அப்படி இழுப்பு இல்லை, அதற்கென்று வாக்கும் பம்ப் வேண்டும். டீசல் இறக்கியவர் பம்பை விட்டுவிட்டாலோ, அல்டனேட்டரோடு சேர்ந்த பம்ப் தேய்ந்திருந்தாலோ பூஸ்டர் வெறும் அலங்காரம். சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்தி, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, பூஸ்டருக்கு இழுப்பு வரவில்லை. இன்னொன்று: நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் நல்ல பூஸ்டரே அங்கு கொஞ்சம் குறைவாகத்தான் உதவும். கொழும்பில் "நல்லா பிடிக்குது" என்ற வண்டி மேலே வந்ததும் கால் வலிக்க வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே இணைப்பு. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நாலும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகப் பிரிந்த இரட்டைச் சிலிண்டருக்கு மாற்றுவதை முதல் வருடத்துக்குள் முடிக்கச் சொல்லிக் கழகம் கட்டாயப்படுத்தலாம். என் கருத்தில் இந்த ஒன்றுக்காக மட்டும் உறுப்பினரை இழந்தாலும் பரவாயில்லை. முன்னுக்கு டிஸ்க் போட்டு பின்னுக்கு டிரம்மை வைத்திருப்பவர்களிடம் முன்பின் சமநிலையைப் பாருங்கள். ஈர வீதியில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும்.

பிரேக் ஒயில் தண்ணீரை உறிஞ்சும். மலையின் மூடுபனியில் இது இன்னும் வேகமாக நடக்கும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கிவிடலாம். டொட் 4 என்றால் 230உம் 155உம். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சுபோல் போய்விடும். வருடத்துக்கு ஒரு முறை ஒயில் முழுவதையும் மாற்றிய திகதி பத்திரத்தில் இருக்க வேண்டும். "மேலால ஊத்தி நிரப்பினேன்" என்பது மாற்றியதாகாது.

ஹேண்ட்பிரேக்குக்குத் தனி வரி போடுங்கள். பழைய லேண்ட் ரோவரிலும் வில்லிஸிலும் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஆகவே ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தினால் வண்டி நகரலாம். அக்ஸில் உடைந்தாலும் பிடிப்பு போய்விடும். சரிவில் டயர் மாற்றும்போது இது ஆளைக் கொல்லும். ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு நல்ல சக்கரக் கட்டை இல்லாவிட்டால் "ஓட்டக் கூடாது" பெட்டியில் புள்ளடி.

ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு, டை ரொட் எண்டுகளுக்கு நட் கழராமல் தடுக்கும் சிபின் இருக்கிறதா, ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்தில் சேஸி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பவர் ஸ்டியரிங் பூட்டியவர்கள் இந்தக் கடைசியை அடிக்கடி மறக்கிறார்கள். பெட்டி பலமானது, அதைத் தாங்கும் இரும்பு பழையது. ஸ்டியரிங் கைகள், தண்டுகள் எதிலும் வெல்டிங் அடையாளம் இருக்கவே கூடாது. சூடாக்கி வளைத்ததும் அதில் அடக்கம்.

இருக்கைப் பட்டி. ஓட்டுநருக்கும் முன் இருக்கைக்காரருக்கும் பட்டி 2011 முதல் கட்டாயம். ஆனால் கட்டாயத்துக்காகப் பூட்டிய பட்டி எதில் பூட்டியிருக்கிறது? ஃபைபர் உடலிலோ மெல்லிய தகரத்திலோ நட் போட்டு இறுக்கியிருந்தால் மோதும் நொடியில் பிய்ந்து வந்துவிடும். பட்டி சேஸியில் அல்லது சேஸியோடு சேர்ந்த இரும்புச் சட்டத்தில் முடிய வேண்டும். பின்னால் தடித்த இரும்புத் தகடு வேண்டும். கூரையில்லாத வண்டிக்கு ரோல் பார் இருந்தால், அதன் கால்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். தரைத் தகரத்தில் நின்றால் அது துணி காயப்போடத்தான் உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயரின் தயாரிப்பு வருடத்தைப் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்திலிருந்து எடுக்கலாம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எரிபொருள் குழாய் எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பெட்டரியிலிருந்து வரும் பிரதான வயருக்குப் பியூஸ் வேண்டும், அதைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோ உலர் தூள் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடி நல்லதா என்று பாருங்கள். நுவரெலியாவில் திறந்த தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதைத் தடுப்பது அந்த மூடியின் அழுத்தம்தான். கார்புரேட்டர் வண்டி கீழ்நாட்டில் டியூன் செய்ததென்றால் மேலே வந்ததும் பெட்ரோல் அதிகமாகிப் புகைச் சோதனையில் தோற்கும். டியூனிங்கை மேலேயே செய்யுங்கள். மூடுபனி விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும். கூரை நீளத்துக்கு எல்ஈடி பார் பூட்டுவது இந்தக் கழகத்துக்கு வேண்டாத வேலை: பனியில் அது நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும், 2025 ஜனவரியில் தொடங்கிய பொலிஸ் நடவடிக்கையில் கழற்றப்பட்ட அலங்காரங்களில் இந்த மாதிரி விளக்குகளும் அடங்கும்.

நான்காம் படி: சோதனை நாள்

யார் சோதிப்பது என்பதில்தான் நம்பகம் இருக்கிறது. சொந்தக்காரரும், அந்த வண்டியைக் கட்டிய பாஸும் சோதனைக்காரராக இருக்கக் கூடாது. வேறு இரண்டு பேர் பார்க்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவருக்காவது தொழிற்சான்றிதழ் இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியிலிருந்து தகுதியுள்ள ஓட்டோமொபைல் பொறியியலாளர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, அவரை நாலைந்து வண்டியைத் தெரிவு செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கடிதத் தலைப்பில் வரும் அறிக்கைக்கு உங்கள் பத்திரத்தை விடப் பத்து மடங்கு எடை.

இடத்துக்குப் பொது வீதியைப் பயன்படுத்தாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டால், ஃபெக்டரி விடுமுறை நாளில் தோட்டத்து வீதியொன்றைத் தரக்கூடும். வேலையாட்களின் லயத்துக்கும் பாடசாலைக்கும் அப்பாலுள்ள பகுதியைக் கேளுங்கள்; இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்து நேராக நிற்கிறதா, எந்தப் பக்கம் இழுக்கிறது, சரிவில் ஹேண்ட்பிரேக் இரு திசையிலும் பிடிக்கிறதா என்று பார்க்க இது போதும். பிறகு ஒரு நீண்ட இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறக்கி, கீழே வந்ததும் டிரம்மின் அருகே கையை வைத்துச் சூட்டை உணருங்கள்; தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்து மற்றது குளிர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும்.

"ஓட்டக் கூடாது" என்று வந்த வண்டி டிரக்கில்தான் வீடு போக வேண்டும். முதல் சோதனை நாளிலேயே இது ஒருவருக்கு நடக்கும். அன்று கழகம் வளைந்துகொடுத்தால், அதற்குப் பிறகு அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை.

பத்திரத்தின் அடியில் ஒரு வரி அச்சிடுங்கள்: இது இன்று கண்ணால் கண்டதன் பதிவு, வண்டியின் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் அல்ல, பராமரிப்பு சொந்தக்காரரின் பொறுப்பு. சட்டத்தரணி ஒருவரிடம் இந்த வரியைக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஐந்தாம் படி: யாப்பு, பணம்

இதில் புதுமை எதுவும் தேவையில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், தொழில்நுட்பப் பொறுப்பாளர். மரண உதவிச் சங்கம் நடத்திப் பழகிய ஊர் நாம். கூட்டக் குறிப்பு எழுதுவதையும் கணக்குக் காட்டுவதையும் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு திறக்க யாப்பும் தீர்மானத்தின் பிரதியும் கேட்பார்கள். கழகம் பெரிதாகி, சொந்தமாகக் கருவிகள் வாங்கும் நிலை வந்தால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதைப் பற்றி யோசிக்கலாம். தொடக்கத்தில் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "நாமே ஒரு நிதி சேர்த்து, யாருக்காவது விபத்து நடந்தால் கொடுப்போம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். உதவியாகக் கொடுப்பது வேறு. இவ்வளவு கட்டினால் இவ்வளவு நட்டஈடு என்று வாக்குறுதி கொடுத்தால் அது காப்புறுதி வியாபாரம்; 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தான் அதைச் செய்யலாம்.

ஆறாம் படி: காப்புறுதிக் கம்பனியிடம் போவது

பத்துப் பன்னிரண்டு ஃபைல் நிரம்பி, குறைகள் திருத்தப்பட்ட படங்களும் சேர்ந்த பிறகு போங்கள். கிளைக் கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு இதில் முடிவெடுக்க அதிகாரம் இல்லை. அவரைத் திட்டிப் பயனில்லை. பதிவு பெற்ற காப்புறுதித் தரகர் ஒருவரைப் பிடியுங்கள். முகவர் ஒரு கம்பனிக்காகப் பேசுவார், தரகர் உங்களுக்காகப் பல கம்பனிகளிடம் கேட்பார். தலைமை அலுவலகத்தில் பொறுப்பேற்பு முடிவெடுக்கும் பிரிவோடு அரை மணி நேரச் சந்திப்பு கிடைத்தால் போதும். போகும்போது சோதனைப் பத்திரத்தின் வெற்றுப் பிரதி, நிரப்பிய மூன்று ஃபைல், பொறியியலாளரின் அறிக்கை, யாப்பு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மூன்றில் ஒன்று சோதனையில் தோற்றுப் பிறகு திருத்தப்பட்ட வண்டியின் ஃபைலாக இருக்கட்டும். எல்லாம் "சரி" என்று வந்த ஃபைலை யாரும் நம்ப மாட்டார்கள்.

விலை மதிப்பு விஷயத்தில் கவனம். கட்ட முப்பது லட்சம் செலவழித்தவர் பிரீமியம் குறைய வேண்டுமென்று பதினைந்து லட்சம் என்று எழுதுவார். பாதி மதிப்புக்குக் காப்புறுதி செய்தால், சராசரி விதி உள்ள பொலிசியில் நாலு லட்சம் சேதத்துக்குக் கிடைப்பது இரண்டு லட்சம். முப்பது என்று எழுதினாலும் சந்தை மதிப்பு பதினெட்டுத்தான் என்று மதிப்பீட்டாளர் சொன்னால் பதினெட்டுத்தான். ஆகவே இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்பில் பொலிசி தருவார்களா என்று கேளுங்கள். பிரிட்டனில் கிட் காருக்கும் பழைய காருக்கும் இது வழக்கம். இங்கே எல்லோரும் தர மாட்டார்கள். ஆனால் பில்களும் மதிப்பீட்டு அறிக்கையும் உள்ள குழு கேட்டால் யோசிப்பார்கள்.

பேரம் பேச உங்கள் கையிலும் சில இருக்கின்றன. வருடத்துக்கு ஓட்டும் தூரத்துக்கு வரம்பு, குறிப்பிட்ட ஓட்டுநர் மட்டும், சிறு சேதத்தில் முதல் பங்கைத் தாங்களே ஏற்பது, வருடாந்தக் கழகச் சோதனை தவறினால் காப்புறுதி புதுப்பிக்கப்படாது என்ற நிபந்தனை. இந்தக் கடைசியை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

இயற்கை அனர்த்த மேலதிகக் காப்பை விட்டுவிடாதீர்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது மண்சரிவில் புதைந்த வண்டிகளைக் கண்ட பிறகும் அதைத் தேவையில்லாத செலவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன். மண்சரிவு என்ற சொல் பொலிசியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். வெள்ளம் என்று மட்டும் இருந்தால் அதுபற்றிக் கேளுங்கள்.

முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்ப விடாதீர்கள். "மாற்றங்கள் ஏதும் உண்டா" என்ற இடத்தில் அவர் இல்லை என்று போட்டுவிடுவார், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று. நீங்களே எழுதுங்கள்: எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், உடல், டயர் அளவு, எல்லாம். இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி, பிரதியில் முத்திரை வாங்குங்கள். மறைத்த ஒரு விஷயத்துக்காகக் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அதை வாதாடி வெல்வது கஷ்டம். பொலிசி ஆங்கிலத்தில்தான் வரும் என்றால், கழகக் கூட்டத்தில் விதிவிலக்குப் பக்கத்தை ஒருவர் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்து விளக்கட்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி நம்மவர்களுக்கு மிக முக்கியம்: வாடகை. ஹோர்ட்டன் சமவெளிக்கு வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் போய்க் காசு வாங்கும் ஜீப்புக்குத் தனியார் பொலிசி செல்லாது. சீசனில் மட்டும்தான், தெரிந்தவருக்குத்தான் என்ற காரணமும் எடுபடாது. அப்படி ஓட்டுபவர் அதற்குரிய வகையில் பதிந்து, அதற்குரிய பிரீமியம் கட்ட வேண்டும். கழகம் இரண்டு பட்டியல் வைத்திருக்கட்டும்.

பொறுப்பேற்க மறுப்பது கம்பனியின் விருப்பம். அதற்கு முறைப்பாடு செய்து பயனில்லை, அடுத்த கம்பனிக்குப் போங்கள். பொலிசி கொடுத்த பிறகு கிளெய்மை அநியாயமாக மறுத்தால் கதை வேறு: முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள், பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ போகலாம். தேதி வாரியாக வைத்த ஃபைல் அங்கேயும் பேசும்.

ஏழாம் படி: ஓடும்போது

கழகச் சவாரிக்கு ஐந்து வண்டிக்கு மேல் ஒரு கூட்டமாகப் போகாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு முந்த இடம் வேண்டும். ஏறிவருபவருக்கு வழிவிடுவது மலை வீதியின் பழைய மரியாதை. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் உள்ளவரைச் சவாரியில் சேர்க்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிரதேசத்துக்கு மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தாலே சவாரி இரத்து என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிடுங்கள். அன்று காலை வந்து விவாதிக்கக் கூடாது.

விபத்து நடந்தால் 1990க்கு அம்புலன்ஸ், 119க்குப் பொலிஸ், பிறகு காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கம். ஆளுக்குக் காயம் என்றால் பொலிஸ் வரும்வரை வண்டியை அசைக்காதீர்கள். இடத்திலேயே பேசித் தீர்த்துக்கொண்டு பிறகு கிளெய்ம் கேட்டால் சிக்கல்தான். இந்த இலக்கங்களை டாஷ்போர்டில் ஒட்டுங்கள். பதற்றத்தில் ஃபோனில் தேட முடியாது.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களுக்கும் ஒரு கொப்பி வையுங்கள். பெயர் தேவையில்லை. எந்த வளைவு, என்ன வண்டி, எது பிழைத்தது என்று இருந்தால் போதும். ஒரே மாதிரிப் பழுது இரண்டு வண்டியில் வந்தால் அது சோதனைப் பத்திரத்தில் புதிய வரியாக வேண்டும்.

இரண்டாம் வருடம்

புதுப்பிக்கும் திகதிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே சோதனை நாளை வையுங்கள். திருத்த வேலைக்கு நேரம் வேண்டும், பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டியிருக்கும். கழகத்தின் மொத்தக் கிளெய்ம் கணக்கை, ஒன்றுமில்லை என்றாலும், ஒரு தாளில் எழுதித் தரகரிடம் கொடுங்கள். பிரீமியம் குறைப்புக் கேட்பதானால் அந்தத் தாளை வைத்துத்தான் கேட்க முடியும். உறுப்பினர் வண்டியை விற்றால் ஃபைல் வண்டியோடு போகட்டும், பிரதி கழகத்தில் இருக்கட்டும்; வாங்கியவர் கழகத்தில் சேரவில்லையென்றால் அந்த வண்டியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, எடுத்த திகதியைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.